துரை பங்களாவில் நான் நடத்திய கவாத்து

சில பேருக்குச் சில சொற்களின் மேல் காரணமில்லாத காதல் வந்துவிடும். அர்த்தம் தெரிந்து வருவதில்லை, ஓசைக்காகவே வரும். எனக்கு வாலிப வயதில் 'ஆம்பிகுவஸ்' என்ற இங்கிலீஷ் சொல்லின் மேல் அப்படி ஒரு காதல் வந்தது. வாயை நன்றாகத் திறந்து, நடுவில் உதட்டைக் குவித்து, கடைசியில் சீறி முடிக்கவேண்டிய சொல் அது. சொல்லி முடித்ததும் எதிரே நிற்பவர் கொஞ்சம் பின்வாங்குவார். அந்தப் பின்வாங்கலைப் பார்ப்பதற்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அர்த்தம்? குழப்பமாக இருப்பதெல்லாம் ஆம்பிகுவஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் எனக்கு உலகமே குழப்பமாக இருந்ததால், சொல்லுக்கு வேலை நிறைய இருந்தது.

அது வெள்ளைக்காரன் காலம். என் அத்தாவுக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி. இன்டர்மீடியட் பரீட்சையில் இங்கிலீஷில் மட்டும் தேறி, மற்ற எல்லாவற்றிலும் தோற்ற என்னை மண்டியில் வைத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. (பாக்கைப் பார்த்து ஆம்பிகுவஸ் என்று சொல்லிவிடுவேனோ என்ற பயமாக இருக்கலாம்.) யார் யாரையோ பிடித்து, குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்த்துவிட்டார்.

அந்த எஸ்டேட்டின் துரை ஸ்காட்லாந்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக வந்திருக்கவேண்டிய மனிதர், எப்படியோ தேயிலைக்கு வந்துவிட்டார். அவருடைய மேஜையில் ஒரு தடித்த அகராதி எப்போதும் திறந்தபடி இருக்கும். ஆள் தவறு செய்தால் பொறுத்துக்கொள்வார்; சொல் தவறாக வந்தால் பொறுக்கமாட்டார். தோட்டத்து ஜனங்கள் அவருக்குத் 'திருத்தல் துரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் பெயர் தாவூது. 'தாவூதும் டேவிட்டும் ஒரே பெயர்தான்' என்று முதல் நாளே என்னையும் திருத்திவிட்டு, அன்றிலிருந்து 'மிஸ்டர் டேவிட்' என்றே கூப்பிட்டார்.

(எங்களுக்குள் பேச்சு இங்கிலீஷில்தான். படிப்பவர்களின் நன்மைக்காக எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். என் இங்கிலீஷை அப்படியே எழுதினால் அச்சுக் கோர்ப்பவர் வேலையை விட்டுவிடுவார்.)

சேர்ந்த முதல் வாரத்திலேயே தகராறு தொடங்கிவிட்டது. ஒருநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே பனி மூடிக்கிடந்தது. "இன்றைக்கு வானிலை மிகவும் ஆம்பிகுவஸ், சார்" என்றேன்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். "பனி ஆம்பிகுவஸ் இல்லை, மிஸ்டர் டேவிட். அதோ ஒரு மரம் இருக்கிறது. மரம் என்று தெரிகிறது. அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதற்கு வேக் என்று பெயர்."

மறுநாள் பெரிய கிளார்க்கின் கையெழுத்தைக் காட்டி ஆம்பிகுவஸ் என்றேன். "இல்லை. அவர் எழுதியதற்கு ஏதோ ஓர் அர்த்தம் இருக்கிறது. அது நமக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டிருக்கிறது. அது அப்ஸ்க்யூர்" என்றார். பால்காரர் 'நாளைக்குப் பாத்துக்கலாமுங்க' என்று சொன்னதை ஆம்பிகுவஸ் என்றேன். "இல்லவே இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். சொல்ல இஷ்டமில்லை. அது ஈவேசிவ்."

மதிய உணவுக்கு என் அறையில் நானே பொங்கிய சோறு வெந்ததா வேகவில்லையா என்பதைப் பற்றியும் ஒருநாள் அதே சொல்லைச் சொன்னேன். துரை எழுந்தே நின்றுவிட்டார். "மிஸ்டர் டேவிட், இந்த ஆபீசுக்குள் இனி அந்தச் சொல்லை நீர் உச்சரிக்கக்கூடாது. இது உத்தரவு."

காதலியைப் பார்க்கத் தடை போட்ட மாதிரி இருந்தது.

இந்த நேரத்தில்தான் எனக்கு உண்மையாகவே ஒரு பெண் பேசினார்கள். குன்னூர் கீழ் பஜாரில் ரொட்டிக்கடை வைத்திருந்த காசிம் ராவுத்தரின் மகள் ஜமீலா. அத்தாவுக்குத் தூரத்து உறவு. சுற்றிலும் உள்ள துரை பங்களாக்களுக்கெல்லாம் ரொட்டியும் கேக்கும் அவர் கடையிலிருந்துதான் போகும். பெண்ணை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் அடுப்பு வெக்கைக்கு நடுவில், மாவு அப்பிய முகத்தோடு பார்த்திருந்தேன். அன்றிலிருந்து ரொட்டி வாசனை எங்கே வந்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ராவுத்தர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பையன் போட்டோவெல்லாம் எனக்கு வேணாம். அவன் வேல பாக்கற எடத்துல, வேல பாக்கும்போது ஒரு தடவ நான் பாக்கணும்."

அவர் பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதுதான் விஷயம்.

எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் பெரிய மனிதர் ஒருவர் சீமையிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. பெரிய கிளார்க் தன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவில் போயிருந்தார். துரை என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் டேவிட், கவனமாகக் கேளும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, பங்களாவுக்கு எதிரில், கவாத்து. கத்தி ஆட்கள் எல்லாரும் வரவேண்டும். விருந்தினர் வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பார். வேலை சுத்தமாக இருக்கவேண்டும். புரிந்ததா?"

"முற்றிலும் புரிந்தது, சார்."

உண்மையிலேயே புரிந்தது. (இங்கிலீஷ் பேச்சுக்கு நடுவில் 'கவாத்து' என்ற ஒரு சொல்லை மட்டும் துரை தமிழிலேயே சொன்னார்.) கவாத்து என்றால் எனக்குத் தெரியாதா? கோயமுத்தூரில் படித்தபோது போலீஸ்காரர்கள் மைதானத்தில் வரிசையாக நின்று இடது வலது போட்டு நடப்பார்களே, அதுதான் கவாத்து. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ காலைகள் அதைப் பார்த்திருக்கிறேன். (பரீட்சையில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.) சீமையிலிருந்து வரும் பெரிய மனிதருக்கு மரியாதை அணிவகுப்பு. எவ்வளவு பொருத்தம்!

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சின்னக் குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும்: கவாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் முட்டிக்குக் கீழே ஒட்ட வெட்டிவிடுவது. பழைய கிளையெல்லாம் போனால்தான் புதுக் கொழுந்து வரும். நான் சேர்ந்தபிறகு அந்த வேலை நடக்கவே இல்லை. அந்தச் சொல்லை யாரும் என் காதுபட உச்சரிக்கவும் இல்லை. பாக்கு மண்டிக்காரன் மகனுக்கு எப்படித் தெரியும்?

உடனே மாரப்பன் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். கத்தி ஆட்களுக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. முறுக்கிய மீசை, காக்கிக் கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. முதல் யுத்தத்தில் கூலிப் பட்டாளத்தோடு மெசபடோமியா வரை போய் வந்தவர். அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார்.

"மேஸ்திரி, புதன்கிழமை கவாத்து. துரை உத்தரவு."

"புதங்கெழமையேவுங்களா? இன்னும் காலம் வல்லீங்களே?"

"விருந்தாளி வர்றாரு. அவருக்காக."

"செரிங்க. கத்தியெல்லாம் தீட்டிப்போடச் சொல்லட்டுங்களா?"

துப்பாக்கி இல்லாத இடத்தில் கத்தியோடு கவாத்து. அதுவும் சரிதான் என்று தோன்றியது. "பின்ன? பளபளன்னு இருக்கணும். வெயில் பட்டா மின்னணும்."

"ஒசரம் எவ்வளவுங்க வெக்கறது?"

"தோள் உயரம்."

மேஸ்திரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தோளுங்களா? வளக்கமா முட்டிக்குக் கீளதானுங்களே வெப்போம்?"

"முட்டிக்குக் கீழ வெச்சா நடக்கும்போது கால்ல கிழிச்சுக்குமே! தோள் மேல சாய்ச்சு வெக்கணும். எல்லாரும் ஒரே மாதிரி."

"நடக்கோணுங்களா?"

"நடக்காம? வரிசையா, இடது வலது போட்டு. பங்களா முன்னால, புல்தரையில."

"ஏனுங்க, புல்தரையில என்னத்தங்க கவாத்து?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மேஸ்திரி, மெசபடோமியா வரைக்கும் போயிட்டு வந்திருக்கீங்க, அங்க வெள்ளக்காரங்க கவாத்தப் பாத்ததே இல்லியா?"

மேஸ்திரியின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. மீசை இரண்டு பக்கமும் மேலே போயிற்று. "அட! அந்தக் கவாத்துங்களா! செரிங்க, செரிங்க! என்றகிட்ட உட்டுப்போடுங்க!"

அந்த 'அந்த' என்ற சொல்லை மட்டும் நான் கவனித்திருந்தால்! 'அந்தக் கவாத்து' என்று ஒருவர் சொன்னால், 'இந்தக் கவாத்து' என்று இன்னொன்றும் எங்கேயோ இருக்கவேண்டும் அல்லவா? ஆனால் எனக்கு அப்போது சந்தேகம் என்ற பொருளே கையிருப்பில் இல்லை.

இரண்டு நாட்கள் மாலையில் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒத்திகை நடந்தது. ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். செடிக்கு நடுவில் குனிந்து கிடப்பதைவிட நிமிர்ந்து நடப்பது யாருக்குத்தான் பிடிக்காது? மேஸ்திரி தனக்கு ஞாபகமிருந்த பட்டாளத்துச் சொற்களையெல்லாம் போட்டுக் கத்தினார். நான் 'சல்யூட்' என்று சொன்னால் எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தியைத் தலைக்கு மேல் தூக்கவேண்டும் என்று ஒரு புதுமையைச் சேர்த்தேன். (அது முழுக்க என் சொந்தக் கற்பனை. அந்தப் பெருமையை யாருக்கும் பங்கு தரமாட்டேன்.) துரை அந்த நாட்களில் கணக்கும் கையுமாக ஆபீசை விட்டு வெளியே வரவே இல்லை.

புதன்கிழமை விடிந்தபோது பனி இறங்கியிருந்தது. ஓரம் தெரியாத, துரை சொன்ன அந்த வேக் பனி. வராந்தாவில் சீமை விருந்தாளி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிவந்த, பருத்த மனிதர். இந்தியாவுக்கு அதுதான் முதல் பயணம். நம் ஊரில் அப்போது நடந்துகொண்டிருந்த மறியலையும் ஊர்வலங்களையும் பற்றிக் கப்பலில் வரும்போதே பத்திரிகையில் படித்துப் பயந்துபோய் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. துரைசானி அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில், பெரிய தட்டில் வெள்ளை ஐசிங் போட்ட கேக்கோடு, காசிம் ராவுத்தர். கேக்கைக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று தானே நேரில் கொண்டுவந்திருந்தார்.

துரையை மட்டும் காணோம். எதிர்ச் சரிவுத் தேயிலையில் ஆட்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கக் குதிரையில் போயிருந்தார். அவர் சொன்ன 'எதிரில்' அந்தச் சரிவு. நான் கேட்ட 'எதிரில்' இந்தப் புல்தரை.

கடன் வாங்கிய கறுப்புக் கோட்டில் புல்தரை ஓரத்தில் நின்று, ராவுத்தர் என்னைப் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் உறுதி செய்துகொண்டு, கையை ஆட்டினேன்.

பனிக்குள்ளிருந்து முதலில் சத்தம்தான் வந்தது. தகரத்தை அடிக்கும் சத்தம். தகரம் மேஸ்திரியின் ஏற்பாடு. அப்புறம் கால்கள். அப்புறம் பனிக்கு மேலே, ஆட்களே தெரியாமல், கத்திகள் மட்டும் வரிசையாக மிதந்து வந்தன. தீட்டித் தீட்டி வெள்ளியாக்கிய கத்திகள்.

விருந்தாளியின் கோப்பை தட்டில் கிடுகிடுவென்று ஆடியதை நான் ஆனந்த நடுக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

வரிசை முழுதாக வெளியே வந்தது. நாற்பது பேர். வராந்தாவை நோக்கி நேராக நடந்தார்கள். ராவுத்தருக்கு வாய் திறந்தது. துரைசானி எழுந்து நின்றாள். சரியான தருணம் இதுதான் என்று நினைத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு என் வாழ்க்கையிலேயே பெரிய குரலில் கத்தினேன்: "சல்யூட்!"

நாற்பது கத்தியும் ஒரே சமயத்தில் தலைக்கு மேல் போயிற்று.

அடுத்து நடந்ததை வரிசைப்படி சொல்வது கஷ்டம். துரைசானி போட்ட அலறலில் பங்களா நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. விருந்தாளி, அந்தப் பருத்த உடம்போடு, வராந்தாக் கைப்பிடியைத் தாண்டிக் குதித்தார். அந்தப் பக்கம் ரோஜாப் பாத்தி. ராவுத்தர் கேக்கைக் கீழே போடவில்லை; அதைக் கேடயம் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பங்களாவுக்குள் ஓடி, கண்ணில் பட்ட முதல் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அது துரைசானியின் குளியலறை. ஒளிந்துகொள்ள அங்கே ஓடிவந்த துரைசானி வெளியே நின்று கதவைத் தட்ட, கத்தி ஆட்கள்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து ராவுத்தர் உள்ளே, கடைசி நேரம் வந்துவிட்டதென்று கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆட்கள் கத்தியைத் தூக்கியபடியே நின்றார்கள். இறக்கச் சொல்லும் உத்தரவை நான் ஒத்திகையில் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன்.

குதிரைக் குளம்படி கேட்டது. துரை வந்து இறங்கினார். தூக்கிய கத்திகளைப் பார்த்தார். ரோஜாப் பாத்தியிலிருந்து வந்த முனகலைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் டேவிட், இது என்ன?"

"கவாத்து, சார்."

துரையின் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. அகராதியைத் தினம் படிக்கும் மனிதருக்கு ஒரு சொல்கூடக் கிடைக்காததை அன்றுதான் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் ஆபீசில் விசாரணை. விருந்தாளி உட்கார மறுத்து நின்றுகொண்டிருந்தார். (ரோஜா முள். எங்கே என்று கேட்கவேண்டாம்.) இது கலகம், இந்தக் கிளார்க்கை உடனே போலீசில் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று கத்தினார். மேஸ்திரி சுவரோரம் விறைப்பாக நின்றார். கதவருகே, தாடியெல்லாம் ஐசிங் ஒட்டியபடி ராவுத்தர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'போலீஸ்' தெரியும். அந்தச் சொல் வரும்போதெல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு வேலை போவதும், ஜெயிலும், மாவு அப்பிய அந்த முகமும் கண்முன்னால் மாறி மாறி வந்தன.

துரை மேஸ்திரியிடம் தமிழில் கேட்டார். "மேஸ்திரி, நீ பழைய ஆள். உனக்குத் தெரியாது?"

"எனக்குச் சந்தேகந்தானுங்க தொரை. இங்கிலீசு படிச்சவங்க சொல்றாங்க, ரெண்டுல எதுவா இருந்தாலும் இருக்கட்டும்னு வந்தேனுங்க. கத்தியும் இருக்குது, காலும் இருக்குது. எது வேணுமோ எடுத்துக்குவாங்கன்னுட்டு..."

துரை ஒரு பெருமூச்சு விட்டு, இந்தத் தோட்டத்தில் கவாத்து என்றால் செடி வெட்டுவது என்று எனக்கு முதல் தடவையாக விளக்கினார்.

விருந்தாளி கேட்டார்: "உங்கள் உத்தரவு தெளிவாக இருந்ததா?"

"முழுக்கத் தெளிவாக இருந்தது" என்றார் துரை.

தப்பித்தால் போதும் என்று நான் குறுக்கே விழுந்தேன். "சார், உத்தரவு கொஞ்சம் வேக்..."

"வேக்?" துரையின் கழுத்து சிவந்தது. "கிழமை சொன்னேன், மணி சொன்னேன், இடம் சொன்னேன், ஆள் சொன்னேன். எந்த ஓரம் மங்கலாக இருந்தது?"

"அப்படியானால் அப்ஸ்க்யூர், சார்."

"நான் எதை ஒளித்தேன்?"

"ஈவே..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "டவுட்ஃபுல், சார்?"

"உமக்கு டவுட் இருந்ததா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை, சார். ஒரு துளிகூட இல்லை."

"எனக்கும் ஒரு துளி இல்லை" என்றார் துரை. சொல்லிவிட்டு அவரே நின்றார். எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. பனியில் மரம் தெரியாமல் போனால் யாருக்கும் நிச்சயம் இராது. இங்கே அவருக்கும் நிச்சயம், எனக்கும் நிச்சயம். இரண்டு பேரும் பட்டப்பகலில், தெளிவாக, வேறு வேறு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினேன். "சார், தாங்கள் தடை செய்த சொல்லை ஒரே ஒரு தடவை சொல்ல அனுமதி வேண்டும்."

துரை மெதுவாகத் தலையசைத்தார்.

"உத்தரவு ஆம்பிகுவஸ், சார்."

அந்த மனிதருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்கமுடியாது. சிக்கிக் கிடந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. மேஜையைத் தட்டினார். "கடைசியில்! கடைசியில் சரியான இடத்தில் வைத்தீர், மிஸ்டர் டேவிட்!" விருந்தாளியின் பக்கம் திரும்பி, முள்ளோடு நின்ற அந்த மனிதருக்கு ஒரு பாடமே எடுத்தார். வேக் என்றால் அர்த்தம் கரைந்துபோனது. அப்ஸ்க்யூர் என்றால் அர்த்தம் ஒளிந்துகொண்டது. ஈவேசிவ் என்றால் பேசுகிறவனே ஒளிந்துகொண்டான். ஆம்பிகுவஸ் என்றால் முழு அர்த்தம் இரண்டு, இரண்டும் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. ஆளுக்கொன்றைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுகிறார்கள். "ஆகவே இதில் கலகமும் இல்லை, சோம்பலும் இல்லை. இரண்டு ஒழுங்கான மனிதர்கள், ஒரே ஒரு சொல். இவரை நான் வேலையிலிருந்து நீக்குவதாக இல்லை."

விருந்தாளிக்கு உட்காரவும் முடியவில்லை, வாதாடவும் முடியவில்லை. டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிழைத்தேன் என்று நினைத்துக் கதவுப் பக்கம் வந்தேன். ராவுத்தர் என் கையைப் பிடித்து ஒரு ஓரமாக இழுத்தார்.

"ஏம்ப்பா, துரை மேசயத் தட்டித் தட்டி என்ன சொன்னாரு? எதனால இவ்வளவு ரகள?"

சந்தோஷத்தில் இருந்த நான் யோசிக்காமல் மொழிபெயர்த்தேன். "ஒண்ணுமில்ல மாமு. பேச்சுல ரெண்டர்த்தம் வந்துட்டுதாம். அதான்."

ராவுத்தரின் முகம் கறுத்தது. என் கையை விட்டுவிட்டார். "ரெண்டர்த்தமா? துரைசானி இருக்கற எடத்துல ரெண்டர்த்தப் பேச்சு பேசினியா நீயி?"

அப்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாடகக் கொட்டகையில் கோமாளி பேசிப் பெண்களைத் தலைகுனிய வைப்பானே, நம் ஊரில் ரெண்டர்த்தம் என்றால் அதுதான்! இங்கிலீஷில் தப்பித்தவன் தமிழில் போய் மாட்டிக்கொண்டேன்.

"ஐயையோ, அப்படி இல்ல மாமு, இது வேற ரெண்டர்த்தம்..."

"ரெண்டர்த்தத்துல வேற, நல்லது கெட்டதுன்னு இருக்கா? எம்பொண்ணு மானமா வளந்த புள்ள. கத்தியக் கூடப் பொறுத்துக்குவேன். இத எப்புடிப் பொறுக்கறது? உங்கத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஓட ஓட விளக்கினேன். விளக்க விளக்க அவர் நடை வேகமாயிற்று. என் குரல் கேட்டுத் துரை வெளியே வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் பெண் பார்த்த கதை முதல் எல்லாவற்றையும் கொட்டினேன். நியாயமாகப் பார்த்தால் அவர் உள்ளே போயிருக்கலாம். ரோஜாப் பாத்தியில் விழுந்த விருந்தாளிக்குப் பதில் சொல்லவேண்டிய மனிதர். ஆனால் ஒரு சொல் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ராவுத்தர்! நில்!" என்று கூப்பிட்டார். துரைமார் தமிழில் மரியாதைக்கும் ஒருமைதான். ராவுத்தர் நின்றார்.

துரை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். "பையன் கெட்ட பேச்சு பேசலே. தப்பு கவாத்து. கவாத்து, அர்த்தம் ரெண்டு." இரண்டு விரலைக் காட்டினார். பிறகு அந்த விரலில் ஒன்றை மடக்கி, மற்றதை என் நெற்றிக்கு நேரே நீட்டினார். "டேவிட், அர்த்தம் ஒண்ணு. நான் தினம் பாக்கறேன். அவன் உள்ளே வேற ஒண்ணும் இல்லே. நீ பொண்ணு குடு."

ராவுத்தர் தாடியிலிருந்த ஐசிங்கைத் துடைத்தார். "துரை வாயால சொல்லிட்டீங்க. அது போதுமுங்க."

மழைக்காலம் முடிந்ததும் நிக்காஹ் நடந்தது. கல்யாணத்துக்குத் துரை வந்தார். மேஸ்திரி கத்தி இல்லாமல் வந்தார். அதன்பிறகு எஸ்டேட்டில் கவாத்து என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம் துரை 'செடிக் கவாத்து' என்று எழுதச் சொன்னார். அந்தப் பழக்கம் அவர் சீமைக்குத் திரும்பிப் போகும்வரை இருந்தது.

மாமனார் தன் கடைசிக் காலம் வரை, துரை சொன்னதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்: "எம்மருமவனுக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கெடையாது. கபடமே இல்லாத புள்ள. வெள்ளக்காரன் வாயாலயே வந்துச்சு."

என் மனைவி ஜமீலா அந்த வாக்கியத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். நான் கடைக்குப் போய்ப் புளிக்குப் பதில் பேரீச்சம்பழம் வாங்கி வந்தாலும், பேருந்தில் எதிர்த்திசையில் ஏறி ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தாலும், அவள் குழந்தைகளைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: "துரை அப்பவே சொன்னாருல்ல, உங்கத்தாவுக்கு உள்ள வேற ஒண்ணும் இல்லன்னு." உடனே வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் என் பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள்.

போன மாதம் பேத்தியைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் கோயமுத்தூரில் வக்கீல். ஜமீலா வழக்கம்போலக் கத்தி, கேக், குளியலறை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு தொழில் புத்தி வந்து, "அதெல்லாம் சரிங்க, துரை அன்னிக்குச் சொன்னது ரெண்டுல எதுங்க? சூதுவாது இல்லாத மனுசன்னா, இல்ல மண்டையில ஒண்ணும் இல்லன்னா?" என்று கேட்டார்.

நானும் திரும்பி அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

ஜமீலா முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு, தட்டை வக்கீலின் பக்கம் நகர்த்தினாள்.

"பன்னு சூடா இருக்கும்போதே எடுத்துக்குங்க" என்றாள்.